காப்பகத்தில் மரம் வெட்டலாமா? பிராட்ஃபீல்ட் காட்டில் ஒன்றேகால் வருடம்

வாசகர் கேட்டது, 2023 பிப்ரவரி 10

தம்பி, மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன், சஃபோக்கில் பரி செயின்ட் எட்மண்ட்ஸ். போன சனிக்கிழமை மருமகன் பிராட்ஃபீல்ட் வுட்ஸ் என்ற காட்டுக்கு அழைத்துப் போனார். வாசலில் தேசிய இயற்கைக் காப்பகம் என்று பலகை இருக்கிறது. உள்ளே கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு பெரிய இடத்தையே மொட்டையடித்து வைத்திருக்கிறார்கள். அடிக்கட்டைகள் வெள்ளை வெள்ளையாகத் தெரிகின்றன. விறகு அடுக்கி இருக்கிறது. ஊரில் கோயிலடி வேம்பை வெட்டாதீர்கள் என்று பஞ்சாயத்தில் சண்டை போட்டுத் தோற்றவன் நான். போன வருடம் சாலையை அகலப்படுத்த அதை வெட்டிவிட்டார்கள். இங்கேயாவது மரத்தை மதிப்பார்கள் என்று நினைத்தேன். காப்பகம் என்று எழுதிவிட்டு மரம் வெட்டுவது எந்த ஊர் நியாயம்?

2023 பிப்ரவரி 10, இரவு

ஐயா, அந்தக் கட்டைகள் சாகவில்லை. ஏப்ரல் கடைசியில் மறுபடி போய்ப் பாருங்கள், துளிர்த்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை விரிவாக எழுதுகிறேன்.

2023 பிப்ரவரி 12

நான் பரியில் குடியேறி ஒன்பது வருடம் ஆகிறது. அந்தக் காட்டுக்கு முதன்முதலில் போனதும் ஒரு பிப்ரவரியில்தான். நீங்கள் பார்த்ததையே பார்த்தேன், உங்களைப் போலவே கோபப்பட்டேன். அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம் நேராகவே கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லாமல் பக்கத்துக் குத்துக்குக் கூட்டிப்போய், ஒரே அடியிலிருந்து கிளம்பி நின்ற பன்னிரண்டு தண்டுகளைக் கையால் தட்டிக் காட்டினார். "இதுவும் பத்து வருடத்துக்கு முன்னால் கட்டைதான்" என்றார்.

எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது மறுதாம்புக் கரும்பு. எங்கள் ஊர் நெல்லிக்குப்பம் பக்கம். கரும்பை வெட்டி ஆலைக்கு அனுப்பியதும் அப்பா கட்டையைப் பிடுங்க மாட்டார். கட்டையிலிருந்து அடுத்த போகம் தானே வரும், தண்ணீர் காட்டினால் போதும். தைலமரத் தோப்புகளிலும் இதே கதைதான். இங்கே இதற்குக் காப்பிஸ் என்று பெயர், வெட்டு என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஹேசல், ஆஷ், மேப்பிள், ஆல்டர் எல்லாவற்றையும் கணுக்கால் உயரத்தில் வெட்டிவிடுவார்கள். வேர் பழையது, பெரியது, உள்ளே சத்து நிறைய இருக்கிறது. அதனால் முதல் கோடையிலேயே ஹேசல் துளிர் இடுப்பளவோ நெஞ்சளவோ வந்துவிடும். ஹேசல் என்றால் ஏழு முதல் பத்து வருடம், ஆஷ் என்றால் இன்னும் அதிகம் விட்டு, மறுபடி வெட்டுவார்கள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் காட்டின் ஒரு துண்டில் மட்டும்தான் வெட்டு. நடுநடுவே ஓங்கி நிற்கிற ஓக் மரங்களை விட்டுவைத்திருப்பார்கள், கவனித்திருப்பீர்கள். அவை உத்தரத்துக்கு. கீழே வெட்டுவது விறகுக்கு, வேலிக்கு, கூரை வேய்கிற முளைக்குச்சிக்கு, அவரைக் கொம்புக்கு. பக்கத்தில் லிட்டில் வெல்னதத்தில் வைக்கோல் வாரும் கட்டை செய்கிற பட்டறை ஒன்று இருந்தது, அதற்கும் இந்தக் காட்டு ஆஷ்தான்.

பிராட்ஃபீல்டில் இந்த வேலை 1252 முதலாவது நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு எழுத்து ஆதாரம் இருக்கிறது. அப்போது காட்டுக்குச் சொந்தக்காரர்கள் பரி மடத்துத் துறவிகள். நீங்கள் பேரப்பிள்ளைகளோடு விளையாடப் போகிற அபி கார்டன்ஸில் கல்லும் மண்ணுமாக நிற்கிறதே, அந்த மடம்தான். அதன் அடுப்பெரிந்த விறகில் ஒரு பங்கு இந்தக் காட்டிலிருந்து போயிருக்கும். 1539-இல் எட்டாம் ஹென்றி காலத்தில் மடத்தைக் கலைத்தார்கள். காடு கை மாறியது, வெட்டு நிற்கவில்லை.

உள்ளே ஒரு ஆஷ் அடிக்கட்டை இருக்கிறது, குறுக்காக ஐந்து மீட்டருக்கு மேல். நடு முழுக்க மக்கிப்போய், ஓரம் மட்டும் வளையம் போல உயிரோடு இருக்கிறது. ஆலிவர் ராக்கம் என்ற கேம்பிரிட்ஜ் தாவரவியலாளர், இங்கிலாந்துக் காடுகளின் வரலாற்றைத் தோண்டி எடுத்தவர், அதற்கு ஆயிரம் வயதாவது இருக்கும் என்று மதிப்பிட்டார். வெட்டாமல் விட்ட ஆஷ் மரம் இருநூறு வருடம் தாண்டுவதே அரிது. வெட்டி வெட்டியே அது ஆயிரம் வருடம் வாழ்ந்திருக்கிறது ஐயா. அடுத்த முறை அதைத் தேடிப் பாருங்கள்.

2023 பிப்ரவரி 14

"இங்கே எப்போதும் மழைதானே, பிறகு ஏன் இலையை உதிர்க்கிறது?" என்று ஐயா கேட்டிருக்கிறார். முதலில் ஒரு விஷயம், பரியில் ஆண்டு மழை சுமார் 600 மில்லிமீட்டர். சென்னையில் 1,400. சஃபோக் இங்கிலாந்தின் வறண்ட பக்கம். ஆனால் தூறல் பல நாளாகப் பிரிந்து பெய்வதால் எப்போதும் நனைந்தே இருப்பதாகத் தோன்றும்.

முதுமலைத் தேக்கு கோடையில் இலையைக் கொட்டுவது தண்ணீர்ப் பஞ்சத்தால். இங்கே கொட்டுவது வெளிச்சப் பஞ்சத்தால் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை, சூரியன் கூரை உயரத்துக்கு எழும்பிவிட்டு இறங்கிவிடும். அந்த வெளிச்சத்தில் ஓர் அகலமான இலையை வைத்துக் காப்பாற்றுவது நட்டம். உறைபனி கிழிக்கும், காற்று முறிக்கும், பனி அதன்மேல் உட்கார்ந்தால் கிளையே ஒடியும். அதனால் பகல் குறையக் குறைய மரம் இலையிலுள்ள பச்சையத்தை உடைத்து, நைட்ரஜனைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது. பச்சை போனதும் அடியில் ஏற்கெனவே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. அப்புறம் காம்படியில் தக்கை மாதிரி ஓர் அடுக்கு கட்டி, இலையை விட்டுவிடுகிறது.

2023 பிப்ரவரி 26

இன்று போய்விட்டு வந்தேன். நீங்கள் பார்த்த அதே துண்டு. இந்த பிப்ரவரி மழையே இல்லை, வழக்கமாகக் கணுக்கால்வரை ஏறும் களிமண்ணில் ஷூ நனையாமல் நடக்க முடிந்தது. கட்டைகளின் மேல் முள்ளும் சுள்ளியுமாக வெட்டிய கிளைகளைக் குவித்துவைத்திருப்பதைப் பார்த்தேன். குப்பை போட்டுவைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், அது மான் வாயிலிருந்து துளிரைக் காக்க.

குளிர்காலத்தில் நானும் சில ஞாயிறுகள் வெட்டப் போவதுண்டு. இங்கே கையில் கொடுப்பது பில்ஹூக் என்ற கருவி. வளைந்த மூக்கு, குட்டைப் பிடி, எடை முன்பக்கம். நம் வெட்டரிவாளோடு பிறந்தது என்று சொல்லலாம். முதல் நாள் வாங்கியதும் கை தானாகப் பழகிக்கொண்டது. வெட்டு சாய்வாக விழ வேண்டும், தண்ணீர் தங்காமல் வழிய. தண்ணீர் தங்கினால் கட்டை அழுகும். இதையும் அப்பா வாழைத்தோட்டத்தில் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

2023 மார்ச் 19

ஒரு திருத்தம். போன வாரம் இன்னொரு நண்பருக்குத் தனியாக எழுதும்போது "வெட்டாமல் விட்டால் இந்தக் காடு செத்துவிடும்" என்று எழுதிவிட்டேன். அது தப்பு. நேற்று இரவு படுத்த பிறகுதான் உறுத்தியது.

வெட்டாமல் விட்டால் காடு சாகாது, வேறு காடாக மாறும். தண்டுகள் தடித்து உயரும், மேலே இலைக்கூரை மூடும், கீழே இருட்டாகும். வெளிச்சம் கேட்கிற பூக்களும் பட்டாம்பூச்சிகளும் குறையும். பதிலுக்குக் காய்ந்த மரம், பொந்து, காளான், மரங்கொத்தி கூடும். அதுவும் காடுதான். ஒரு காட்டிலேயே வெட்டும் பகுதி, விட்டுவைத்த பகுதி இரண்டும் இருப்பது நல்லது. இங்கிலாந்தில் பெரும்பாலான காடுகளில் முதல் உலகப் போருக்குப் பிறகு காப்பிஸ் நின்றே போய்விட்டது. நிலக்கரி வந்தது, கம்பி வேலி வந்தது, வெட்டிய குச்சியை வாங்க ஆளில்லை. பிராட்ஃபீல்டில் அது அறுந்துபோகாமல் வந்ததால்தான் அதை இவ்வளவு பெரிதாகப் பேசுகிறோம்.

சாகடித்தது எது என்றால், ஏர். 1960-களில் இந்தக் காட்டின் மங்க்ஸ் பார்க் பகுதியில் பெரும் பங்கை வேரோடு பெயர்த்து வயலாக்கினார்கள். எழுநூறு வருடம் கோடாலி செய்யாததை இயந்திரம் செய்துவிட்டது. மிச்சம் இருந்ததை 1970-இல் இயற்கைப் பாதுகாப்புக்காக வாங்கினார்கள். இன்று சஃபோக் வனவுயிர் அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. அந்த வயல் ஓரம் நின்று பார்த்தால் ஒரு பக்கம் கோதுமை, ஒரு பக்கம் காடு. மண் ஒன்றுதான், நடுவே ஒரு பள்ளம். மனசு கஷ்டமாக இருக்கும்.

போருக்குப் பிந்திய அந்தச் சில பத்தாண்டுகளில் பழங்காடுகளில் கிட்டத்தட்டப் பாதி இப்படி வயலாகப் போயிற்று, அல்லது ஊசியிலை மரம் நடப்பட்டு உருமாறியது. இங்கே பழங்காடு என்றால் கைபடாத காடு என்று அர்த்தமில்லை. 1600 முதல் இன்றுவரை இடைவிடாமல் காடாகவே இருந்த நிலம், அவ்வளவுதான் வரையறை. கைபடாத காடு இங்கே ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்பே தீர்ந்துவிட்டது. 1086-இல் முதலாம் வில்லியம் எடுத்த டோம்ஸ்டே என்ற நிலக் கணக்கை வைத்துப் பார்த்தால், இங்கிலாந்தில் அப்போதே காடு சுமார் 15 சதவீதம்தான்.

2023 மார்ச் 20

பள்ளம் என்று சொன்னேனே, அது சும்மா வாய்க்கால் இல்லை. இடைக்காலத்தில் காட்டைச் சுற்றி மண்கரை போட்டு, கரைக்கு வெளிப்பக்கம் பள்ளம் வெட்டினார்கள். ஊர் மாடு உள்ளே புகுந்து துளிரைத் தின்னாமல் இருக்க. பள்ளம் வெளியே, கரை உள்ளே. அதை வைத்தே எது காட்டின் பழைய எல்லை என்று கண்டுபிடிக்கலாம்.

2023 ஏப்ரல் 23

ஐயா ஊருக்குத் திரும்பிவிட்டார். அவருக்காகப் போய்ப் படம் எடுத்து அனுப்பினேன்.

வெட்டிய துண்டில் துளிர் விரல் நீளம் வந்திருக்கிறது. தரையில் பெரிதாக ஒன்றுமில்லை, அங்கங்கே பிரிம்ரோஸ். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் வெட்டிய துண்டுக்குப் போனதும் நின்றுவிட்டேன். ஆக்ஸ்லிப் என்ற பூ, வெளிர் மஞ்சள், ஒரே காம்பில் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கும் கொத்து. இங்கிலாந்தில் சஃபோக், எசெக்ஸ், கேம்பிரிட்ஜ்ஷயர் கூடுகிற இடத்தில் இருக்கும் பழங்காடுகளில்தான் இது முக்கியமாக வளர்கிறது. சுண்ணாம்பு கலந்த களிமண், குளிர்காலம் முழுக்க ஈரம், அவ்வப்போது வெளிச்சம், இது மூன்றும் வேண்டும்.

முதல் வசந்தம் அதற்குத் தயாராகத் தேவைப்படுகிறது, இரண்டாவது வசந்தத்தில்தான் பூத்துத் தள்ளும். ஏழெட்டு வருடம் இருட்டில் இரண்டு இலையோடு உட்கார்ந்திருந்த செடி, வெளிச்சம் விழுந்த கோடையில் தெம்பு சேர்த்து அடுத்த வசந்தம் பூக்கிறது.

அப்புறம் நீலமணிப்பூ. உலகத்தில் இருக்கும் இந்த வகை நீலமணிப்பூக்களில் பாதி பிரிட்டனில்தான் இருக்கின்றன என்று கணக்கிடுகிறார்கள். ஓக் இலை விரிந்து மேலே மூடுவதற்குள் முளைத்து, பூத்து, விதை கட்டத் தொடங்கிவிட வேண்டும். அதன் மொத்த வாழ்க்கையும் மேலே இருக்கிற மரத்தின் சோம்பலை நம்பி இருக்கிறது. மிதித்துவிடாதீர்கள், இலை நசுங்கினால் அந்தச் செடி மீள வருடங்கள் ஆகும். படம் எடுக்கப் பாதையை விட்டு இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

2023 மே 14

நேற்று இரவு பத்து மணிக்குக் காட்டோரம் போய் ஒன்றரை மணி நேரம் நின்றேன், நைட்டிங்கேல் கேட்க. கேட்கவில்லை.

மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பறந்து வந்து ஏப்ரல் கடைசியில் பாட ஆரம்பிக்கும் பறவை. அதற்கு வேண்டியது வெட்டி ஐந்து முதல் எட்டு வருடம் ஆன காப்பிஸ். அந்த வயதில்தான் தரையோடு தரையாக அடர்ந்திருக்கும், உள்ளே ஒரு முயல்கூடத் தெரியாது. பிரிட்டனில் கடந்த ஐம்பது வருடத்தில் நைட்டிங்கேல் சுமார் 90 சதவீதம் குறைந்துவிட்டது. 1924 மே மாதம் சர்ரேயில் ஒரு தோட்டத்தில் பீட்ரிஸ் ஹாரிசன் என்ற பெண்மணி செல்லோ வாசிக்க, நைட்டிங்கேல் கூடப் பாடுவதாகச் சொல்லி பிபிசி அதை நேரடியாக ஒலிபரப்பியது. இந்த நாட்டின் கிராமத்து வீட்டுத் தோட்டத்திலேயே அப்போது அது பாடிக்கொண்டிருந்திருக்கிறது. இன்று தேடிப் போய் நின்றாலும் கேட்கவில்லை.

கேட்டது வேறு ஒன்று. நாய் மாதிரி, ஒரே குரலில், விட்டுவிட்டு, பத்து நிமிடம் குரைத்தது. மன்ட்ஜாக். நம் மலைகளில் இருக்கும் கேளையாட்டின் சீனத்துச் சொந்தம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெட்ஃபோர்ட்ஷயரில் வோபர்ன் மாளிகைப் பூங்காவுக்காகக் கொண்டுவந்தது, தப்பியும் விடுவிக்கப்பட்டும் இன்று நாட்டின் தென்பாதி முழுக்கப் பரவிவிட்டது. முழங்கால் உயரம்தான். தரையோரத் துளிரையும் பூவையும் மேய்ந்து தள்ளிவிடும். நைட்டிங்கேல் குறைந்ததற்கு ஆப்பிரிக்காவிலும் வழியிலும் காரணங்கள் இருக்கலாம், ஆனால் மான் மேய்ந்து அடித்தூர் வெட்டவெளியாவதும் ஒரு காரணம் என்று பறவை ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

நேற்று அந்தக் குரைப்பைக் கேட்டபோது எனக்குக் கோபமும் வந்தது, ஊர் நினைவும் வந்தது.

2023 ஜூன் 25

வெயில் கொளுத்துகிறது. காட்டுக்குள் நுழைந்தால் ஐந்து டிகிரியாவது குறைந்த மாதிரி இருக்கிறது.

டேப் கொண்டுபோய் அளந்தேன். சுள்ளிக் குவியலுக்குள் இருந்த ஹேசல் துளிர்: 95 செ.மீ., 110, 102. குவியல் சரிந்து திறந்துகிடந்த கட்டையில்: 14, 9, 11, எல்லாம் நுனி கடிபட்டவை. ஒரே நாளில் வெட்டிய, ஒரே வயதுக் கட்டைகள். இரண்டுக்கும் நடுவே நாலடி தூரம்.

இப்படி நாலைந்து வருடம் தொடர்ந்து கடிபட்டால் கட்டை தன் சேமிப்பைத் தின்று தீர்த்துச் செத்துப்போகும். ஐயா முதலில் கேட்ட கேள்விக்கு இப்போது என் பதில் கொஞ்சம் மாறியிருக்கிறது. வெட்டலாம், ஆனால் வெட்டியவன் கட்டையைக் காவல் காக்க வேண்டும். இடைக்காலத்தில் ஊரார் கரை வெட்டி மாட்டைத் தடுத்தார்கள். காவல் இல்லாமல் வெட்டினால் ஐயா சொன்னது சரி, அது மரக்கொலைதான்.

2023 ஆகஸ்ட் 13

ஆஷ் நோய் பற்றிச் சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், எழுதப் பிடிக்கவில்லை.

இலை கருகி, நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்துகொண்டே வரும் நோய். ஒரு பூஞ்சை. கிழக்காசியாவில் அங்கத்து ஆஷ் மரங்களோடு வம்பில்லாமல் வாழ்ந்தது, ஐரோப்பாவுக்கு வந்ததும் இந்த ஊர் ஆஷுக்கு எமனாகிவிட்டது. பிரிட்டனில் 2012-இல் உறுதிசெய்தார்கள். உதிர்ந்த இலையின் காம்பில் கோடையில் குட்டிக் குடை மாதிரி வெள்ளைக் காளான் வரும். அதிலிருந்து காற்றில் போகிறது. காற்றுக்கு வேலி போட முடியுமா?

ஆஷ்களில் 80 சதவீதம்வரை போகலாம் என்கிறார்கள். இங்கே காப்பிஸுக்கும் ஒரு சிக்கல். இளம் துளிரை நோய் சீக்கிரம் பிடிக்கிறது. நோய் உள்ள கட்டையை வெட்டினால் வருகிற துளிர் காய்ந்து, கட்டையும் களைத்துவிடுகிறது. எழுநூறு வருடமாக "வெட்டு, மறுபடி வரும்" என்று நம்பின மரத்திடம் இப்போது அந்த நம்பிக்கை வைக்க முடியவில்லை.

பச்சையாக வெட்டிப் போட்டாலும் எரியும் விறகு ஆஷ். மண்வெட்டிப் பிடி, கோடாலிப் பிடி எல்லாம் அதுதான். நம் ஊரில் கருவேலம் காணாமல் போனால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எல்லா மரமும் போகாது. தாக்குப்பிடிக்கிறவை நூற்றில் சில உண்டு, அவற்றின் விதைதான் அடுத்த தலைமுறை. எது தாங்கும் என்று தெரிவதற்கு முன்னால் அவசரப்பட்டு எல்லாவற்றையும் வெட்டிவிடக் கூடாது. ஆயிரம் வருடக் கட்டையைச் சுற்றி வந்து ஒவ்வொரு தண்டாகப் பார்த்தேன். அதைப் பற்றி இன்று எழுதவில்லை.

2023 அக்டோபர் 1

காட்டைப் பற்றியே எழுதுகிறாய், சுற்றியுள்ள நாட்டுப்புறம் எப்படி என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார்.

காட்டிலிருந்து ஃபெல்ஷாம் பக்கம் நடந்தால் சாலை எந்தக் காரணமும் இல்லாமல் வளையும். காரணம் இருந்திருக்கும், யாரோ ஒருவருடைய ஆயிரம் வருடத்து வயலைச் சுற்றிக்கொண்டு போகிறது. இரண்டு பக்கமும் உயிர்வேலி. தனித்தனியாகப் பண்ணை வீடுகள், சில வீடுகளைச் சுற்றி அகழிகூட உண்டு. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாடாளுமன்றச் சட்டம் போட்டு அளவுகோல் வைத்து வயலைப் பிரித்தார்கள், அங்கே வேலிகள் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடும். சஃபோக் அதற்கு முந்தைய நாட்டுப்புறம். ஊர்ப் பெயரே கதை சொல்லும், பிராட்ஃபீல்ட் என்றால் அகன்ற வெட்டவெளி. சுற்றிலும் காடு இருந்ததால்தான் வெட்டவெளிக்குப் பெயர் தேவைப்பட்டிருக்கிறது.

நேற்று அந்தச் சாலை வேலியில் முப்பது கெஜத்துக்குள் எத்தனை வகை மரம் என்று எண்ணினேன். ஹாதார்ன், பிளாக்தார்ன், மேப்பிள், ஹேசல், டாக்வுட், ஸ்பின்டில். ஆறு. வகைக்கு நூறு வருடம் என்று மேக்ஸ் ஹூப்பர் என்ற ஆய்வாளர் சொன்ன கணக்குப்படி அறுநூறு வருட வேலி!

நடைபாதைகள்தான் எனக்கு இந்த நாட்டில் மிகவும் பிடித்த சட்டம். தனியார் வயலின் நடுவே பொதுவழி போகும். உழுதாலும் விவசாயி அதைத் திரும்ப நடக்கும்படி ஆக்கித் தர வேண்டும். கோதுமைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் போகும்போது நம்மை யாரும் யார் என்று கேட்க முடியாது.

இப்போது சர்க்கரை எடுக்கிற பீட் கிழங்கு பிடுங்கும் காலம். லாரி லாரியாகப் பரி ஆலைக்குப் போகிறது. 1925-இல் தொடங்கிய ஆலை. காற்று திரும்பினால் ஊர் முழுக்க அந்த வாசனை. முதல் வருடம் அது மூக்கில் ஏறியபோது நெல்லிக்குப்பம் ஆலை வாசலில் வண்டி வரிசையில் அப்பாவோடு நின்ற மாதிரி இருந்தது. கரும்பு வேறு, கிழங்கு வேறு, வாசனை அண்ணன் தம்பி.

2023 அக்டோபர் 22

பாபெட் புயல். வெள்ளிக்கிழமை பெய்த மழையில் சஃபோக்கில் ஊர்கள் மூழ்கின, ஃப்ராம்லிங்ஹாம், டெபனம் பக்கம் ரொம்ப மோசம். காட்டுக்குப் போகும் சாலையும் தண்ணீரில் கிடப்பதாகக் கேள்வி. நாங்கள் நலம்.

2023 நவம்பர் 19

வேலிக் கணக்குக்குத் திருத்தம். "அறுநூறு வருட வேலி" என்று ஆச்சரியக்குறி வேறு போட்டேன். ஹூப்பர் கணக்கு ஓர் உத்தேசம்தான், பல வேலிகளைச் சேர்த்துப் பார்க்கும்போது பொருந்தும், தனி வேலிக்குப் பிறப்புச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நடும்போதே காட்டிலிருந்து கலவையாக நாற்று பிடுங்கி வந்து நட்டிருக்கலாம். இன்னொன்று, காட்டை அழித்து வயலாக்கும்போது ஓரத்தில் ஒரு வரிசையை விட்டு அதையே வேலியாக்கியிருந்தால், முதல் நாளே ஆறேழு வகை இருக்கும். அந்த வேலியடியில் நீலமணிப்பூ உண்டா என்று வசந்தத்தில் பார்க்க வேண்டும். இருந்தால் அது காட்டின் மிச்சமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இலை எல்லாம் கொட்டிவிட்டது. மேப்பிள் மட்டும் மஞ்சளைக் கொஞ்சம் வைத்துக்கொண்டு நிற்கிறது.

2024 ஜனவரி 28

சேற்றில் வேலை. போன குளிர்காலம் நனையாத ஷூ என்று எழுதினேன், இந்த முறை பூட்ஸை உருவி எடுக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. கனமான வண்டியை உள்ளே விட்டால் மண் இறுகி வேர் மூச்சு முட்டும் என்று தண்டுகளைத் தோளில் சுமந்தே பாதைக்குக் கொண்டுவந்தோம்.

ஹேசல் டார்மவுஸ் என்ற சுண்டெலி மாதிரியான பிராணி இந்தக் காட்டில் உண்டு. இப்போது தரையில் இலைக்கடியில் உருண்டு தூங்குகிறது. அக்டோபரில் படுத்தால் ஏப்ரலில்தான் எழும். அதன் கூட்டை உரிமம் இல்லாமல் தொடக்கூட முடியாது. காலைப் பார்த்துப் பார்த்து வைத்தோம்.

ஐயாவின் மகளுக்கு எட்டு அவரைக் கொம்பு கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏப்ரலில் ஐயா வருகிறாராம்.

2024 ஏப்ரல் 14

ஐயாவும் நானும் இன்று காலை போனோம்.

அந்தத் துண்டு எது என்று அவருக்கு அடையாளம் தெரியவில்லை. போன வருடம் அவர் எடுத்த படத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு, பின்னால் நிற்கும் கோணல் ஓக்கை வைத்து இடம் பிடித்தோம். கட்டைகள் தெரியவில்லை, அவர் தோளுக்கு மேல் ஹேசல். தரை முழுக்க ஆக்ஸ்லிப், நடுவே வெள்ளையாக வுட் அனிமோனி, ஓரத்தில் நீலம் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டாவது வசந்தம். அவர் பாதையை விட்டு இறங்கவில்லை. குனிந்து ஒரு கட்டையின் துளிர்களை விரல் விட்டு எண்ணினார், இருபத்து மூன்று. நான் சொன்ன கடிபட்ட கட்டையையும் காட்டச் சொன்னார். காட்டினேன். அதில் இரண்டு தண்டு மட்டும் உயிரோடு இருந்தது, பக்கத்தில் புதிதாகச் சுள்ளி குவித்திருந்தார்கள்.

பெரிய ஆஷ் கட்டைக்கும் போனோம். மொட்டு இன்னும் கறுப்பாக மூடியே இருந்தது, ஆஷ் எப்போதும் கடைசியில்தான் விழிக்கும். அதனால் எது உயிர், எது போனது என்று ஜூன் வரை சொல்ல முடியாது. அவர் அதன் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

திரும்பி வரும்போது காரில் ஊருக்குப் போன் போட்டார், அவர் தம்பிக்கு. "கோயிலடி வேம்பு வெட்டினாங்களே, கட்டையைத் தோண்டிட்டாங்களா, இருக்கா?" என்று கேட்டார். அந்தப் பக்கத்துப் பதில் எனக்கும் கேட்டது. கட்டை ரோட்டோரமா அப்படியே கிடக்கு, துளிர்க்குது, ஆடு தின்னுது, மறுபடி துளிர்க்குது.

"இன்னைக்கே போய்ச் சுத்தி முள்ளு வெட்டிப் போடு" என்றார் ஐயா.